காரணியையும் மடங்கையும் ஒரே நாளில் கற்பிக்க வேண்டும்

24இன் காரணிகளை எழுதச் சொன்னால் 24, 48, 72 என்று எழுதி வைக்கும் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். வாய்ப்பாடு தெரியாத பிள்ளை என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் 72 வரை பிழையின்றிச் சென்ற பிள்ளைக்கு வாய்ப்பாடு நன்றாகவே தெரியும்; எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை. காரணிகளை ஒரு பாடமாகவும் மடங்குகளை இன்னொரு பாடமாகவும், தனித்தனியாக எழுதிப் பார்க்க வேண்டிய இரண்டு பட்டியல்களாக நாம் நடத்துவதே இதற்குக் காரணம் என்பது, சேலத்தில் பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்துவரும் என்னுடைய உறுதியான கருத்து.

6 × 4 = 24 என்ற ஒரே வரியில் இரண்டும் அடங்கியிருக்கின்றன. 6 என்பது 24இன் காரணி; 24 என்பது 6இன் மடங்கு. இந்த இரு வாக்கியங்களையும் சேர்த்தே சொல்லும் பழக்கம் முதல் நாளிலேயே பிள்ளைகளுக்கு வந்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லும் பிள்ளையிடம் மற்றதையும் கேட்டு வாங்குவது ஆசிரியரின் வேலை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவதற்கு ஏற்காட்டு மலைப்பாதையைவிடச் சிறந்த கருவி எனக்குத் தெரியவில்லை. சேலத்திலிருந்து மேலேறும் அந்தச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன என்பது வகுப்பில் அனைவரும் அறிந்தது. கரும்பலகையில் அந்தச் சாலையை வரைந்து, 1 முதல் 20 வரை எண்ணிட்டு, ஒரு பேருந்து நான்கு வளைவுகளுக்கு ஒரு முறை நிற்பதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அது 4, 8, 12, 16, 20 ஆகிய வளைவுகளில் நிற்கும். இவை 4இன் மடங்குகள். மூன்று வளைவுகளுக்கு ஒரு முறை நிற்கும் பேருந்தோ 18இல் நின்றபின் 20ஐத் தாண்டிப் போய்விடும். கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டிய இடம் இதுதான்: 20ஆம் வளைவில் சரியாக நிற்க வேண்டுமானால், எத்தனை வளைவுகளுக்கு ஒரு முறை நிற்கலாம்? பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சோதித்து 1, 2, 4, 5, 10, 20 என்று தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். இவை 20இன் காரணிகள்.

வழக்கமாகப் பட்டியலில் விடுபட்டுப்போகும் 1உம் 20உம் இங்கே விடுபடுவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் நிற்கும் பேருந்தையும், எங்கும் நிற்காமல் நேரே 20க்குச் செல்லும் பேருந்தையும் எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை. சாலை இன்னும் நீண்டால் 24, 28 என்று நிறுத்தங்கள் முடிவின்றித் தொடரும் என்பதால் மடங்குகளுக்கு எல்லை இல்லை என்பதும், 20க்கு மேற்பட்ட தாவல் எதுவும் 20இல் கொண்டுபோய் நிறுத்தாது என்பதால் காரணிகளுக்கு எல்லை உண்டு என்பதும், விதியாகச் சொல்லப்படாமலே விளங்கிவிடுகின்றன. மூன்றுக்கு ஒரு முறை நிற்கும் பேருந்தும் நான்குக்கு ஒரு முறை நிற்கும் பேருந்தும் முதன்முதலில் சேர்ந்து நிற்கும் வளைவு எது என்று கேட்டால், 12 என்ற விடை வரும்போதே மீச்சிறு பொது மடங்கு வகுப்புக்குள் வந்துவிடுகிறது. பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள் 36 புளியங்கொட்டைகளைக் கொடுத்து, ஒன்றும் மிஞ்சாமல் சம வரிசைகளாக அடுக்கச் சொல்ல வேண்டும். 1 × 36, 2 × 18, 3 × 12, 4 × 9, 6 × 6 என்று அடுக்கிய பின், அடுத்து வரும் 9 × 4 முன்பே பார்த்த அடுக்குதான் என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். காரணிகள் இணை இணையாக வருகின்றன என்பதும், 6க்குமேல் தேட வேண்டியதில்லை என்பதும் அப்போது தெளிவாகும். 36க்கு ஏன் 9 காரணிகள், அதாவது ஒற்றைப்படை எண்ணிக்கையில், இருக்கின்றன என்ற கேள்வியை நான் விடாமல் கேட்பேன். 6 தனக்குத்தானே இணையாக இருப்பதைக் கண்டுகொள்ளும் பிள்ளைக்கு வர்க்க எண் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. இன்னும் ஒரு கொட்டையைச் சேர்த்து 37 ஆக்கினால் ஒரே ஒரு நீண்ட வரிசையைத் தவிர வேறு வழியில்லை. அதுதான் பகா எண்.

பாடத்தை முடிக்க நேரம் போதாது என்று சக ஆசிரியர்கள் சொல்வது உண்மைதான்; அந்த நெருக்கடியை நானும் அறிவேன். ஆனாலும் தொடக்க வகுப்புகளில், 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் வழியாகப் பொருள்களைத் தொட்டும் எண்ணியும் கற்றுவந்த பிள்ளைகளை, ஆறாம் வகுப்புக்கு வந்தவுடன் வெறும் வகுத்தல் படிகளுக்குள் அடைத்துவிடுவது நியாயமில்லை. மீப்பெரு பொதுக் காரணி (மீ.பெ.கா.), மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) காணும் முறைகளை டியூஷனில் விரைவாகப் பழக்கிவிடுகிறார்கள் என்பதில் பெற்றோருக்கு மகிழ்ச்சி இருக்கலாம். அந்தப் பிள்ளையிடமே, 48 மல்கோவாப் பழங்களையும் 36 பெங்களூராப் பழங்களையும் ஒன்றோடொன்று கலக்காமல், எல்லாப் பெட்டிகளிலும் ஒரே எண்ணிக்கையில் அடுக்கினால் ஒரு பெட்டியில் அதிகபட்சம் எத்தனை பழங்கள் வைக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். எந்த முறையைப் பயன்படுத்துவது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகள் பலர். 12 என்ற விடையைவிட, 48ஐயும் 36ஐயும் மீதியின்றிப் பிரிக்கும் எண்ணைத்தான் தேடுகிறோம் என்ற புரிதல் முக்கியமானது.

இந்தப் புரிதல் இல்லாத பிள்ளை 12/18 என்ற பின்னத்தைச் சுருக்கும்போது தடுமாறும், வேறு வேறு பகுதிகளைக் கொண்ட பின்னங்களைக் கூட்டும்போது மேலும் தடுமாறும், பின்னாளில் இயற்கணிதத்தில் காரணிப்படுத்தல் வரும்போது கணிதமே வேண்டாம் என்று ஒதுங்கும். ஆறாம் வகுப்பில் நாம் மிச்சப்படுத்திய இரண்டு பாடவேளைகளுக்காக ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பிள்ளை பல மாதங்களை இழக்கிறது.

வினாத்தாள் மாறினால் கற்பித்தலும் மாறும் என்பதால், வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். "24இன் காரணிகளை எழுதுக" என்ற வினாவுடன், "5 ஏன் 24இன் காரணி இல்லை? 24க்கு அடுத்து வரும் எந்த எண்ணுக்கு அது காரணியாகும்?" என்ற வினாவையும் சேர்த்துக் கேளுங்கள், மீதி வருகிறது என்பதைப் பிள்ளை தன் சொற்களில் எழுதினால் அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.