மரைக்கு எதுக்கு பிஸ்கட்?

மார்கழி விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்து மலைநாட்டிலுள்ள ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். இரவிரவாக ஓட்டம், விடியப்புறம் வாசலில். 2,100 மீட்டருக்கு மேலான உயரம். நல்லூர் வெயிலில் காய்ந்த உடம்புக்குப் பல் கிடுகிடுத்தது. சரி, மரை என்கிற அந்தப் பெரிய மானைப் பார்க்கலாமே என்று பொறுத்தேன்.

பார்த்தேன்தான். புல்வெளி ஓரத்தில் கொம்பு விரித்த கிடா ஒன்று, மூக்கால் ஆவி விட்டபடி நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு தொலைநோக்கியை எடுக்கிறேன், பின் சீட்டில் சித்தப்பா பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறார். மச்சாள் "பா, பா" என்று கூப்பிடுகிறாள், வீட்டு ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரி! பக்கத்து வானிலிருந்து ஒருவர் இறங்கிப் போய் பிஸ்கட் நீட்டுகிறார். 1988இலிருந்து தேசியப் பூங்கா ஐயா அது, மிருகக்காட்சிசாலை இல்லை. அந்த மரையும் கொஞ்சங்கூட வெட்கமில்லாமல் வாங்கித் தின்றது. எனக்கு அதுதான் கூடுதல் கடுப்பு.

அப்புறம் உலக முடிவு என்கிற செங்குத்தான மலை விளிம்புக்கு நடந்தோம். வழியெல்லாம் இவர்கள் செல்ஃபி எடுத்து முடித்து விளிம்புக்கு வர, பனிமூட்டம் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

"உதைப் பார்க்கவோ தம்பி இவ்வளவு தூரம் கூட்டிவந்தனீ?" என்றார் சித்தப்பா.