சராசரியை நம்பி வேலையை விடாதீர்கள்

"சொந்தத் தொழில்காரர்களின் சராசரி வருமானம் சம்பளக்காரர்களைவிட அதிகம், 25 வயதிலேயே வேலையை விடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி ஏமாற்றும், இரண்டாவது பாதி தவறு.

பத்துப் பேரில் ஒன்பது பேர் தலா 20, ஒருவர் மட்டும் 220 சம்பாதித்தால் சராசரி 40 வரும். நடுவில் நிற்பவர் கையில் 20தான். 2000-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பத்து ஆண்டு தொழில் நடத்தியவர்களில் வருமான வரிசையின் நடுவில் நிற்பவர், வேலையில் இருந்தால் பெற்றிருக்கக்கூடியதைவிட 35 சதவீதம் குறைவாகவே ஈட்டினார்.

அந்த 20-ம் முழுசாக உழைப்பின் கூலி இல்லை. போட்ட முதலுக்கு வட்டி, சம்பளமில்லாமல் கணக்கெழுதும் மனைவியின் நேரம், தேய்மானம் எல்லாம் கழியவேண்டும். கல்லாவில் மிஞ்சுவதையே லாபம் என்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

வயதுக்கு வருவோம். அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்றான நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. அதற்குள் சேமிப்பும் தொழில் அனுபவமும் சேர்ந்திருக்கும். வீட்டில் இன்னொரு சம்பளம் வந்தால் வரவில்லாத மாதங்களில் முதலீட்டைக் கரைக்க வேண்டியதில்லை. கைக்குழந்தைக்காக நேரம் குறைத்துத் தொழில் செய்பவரை மாத வருமானத்தால் அளக்காதீர்கள், ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு என்று ஒப்பிடுங்கள்.