நடுநிலையான ஆள் வந்து சொல்லணுமாம்

நேத்து நான் பகிர்ந்த, ஃபாத்திமா ஹசூனா எடுத்த போட்டோவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீங்க. "இதெல்லாம் ஒருதரப்பு. நடுநிலையான யாராவது சொன்னா நம்பலாம்." அதுக்கு 43 லைக்.

ஹசூனா காசாவுல இருந்த போட்டோகிராபர். 25 வயசு. அவங்களைப் பத்தின ஆவணப்படம் கான் விழா சமயத்துல திரையிடத் தேர்வாச்சுன்னு அறிவிப்பு வந்த மறுநாள், 2025 ஏப்ரல் 16, அவங்க வீட்டு மேல இஸ்ரேல் குண்டு போட்டது. குடும்பத்தார் பலரோட அவங்களும் போயிட்டாங்க.

சரி, நடுநிலை ஆள் எங்கேர்ந்து வருவார்? 2023 அக்டோபருக்கு அப்புறம் வெளிநாட்டு நிருபர்களை ராணுவத் துணை இல்லாம உள்ளே விட இஸ்ரேல் மறுத்துச்சே. உள்ளே இருக்கறவங்க சொன்னா ஒருதரப்பு, வெளியில இருக்கறவங்களுக்கு அனுமதி கிடையாது. செயற்கைக்கோள் வந்து சாட்சி சொல்லுமா?

போன வருஷம் அம்மாவை முழங்கால் வலிக்குக் கூட்டிட்டுப் போனேன். அம்மா எதிர்லயே உக்காந்திருக்காங்க, டாக்டர் என்னைப் பார்த்து "எங்க வலிக்குதாம்?"னு கேக்கறார். வெளியே வந்ததும் அம்மா, "கால் என்னுது, கேள்வி உன்கிட்டயா?"ன்னாங்க. இதைப் போய் காசாவோட ஒப்பிடறியான்னு ஆரம்பிக்காதீங்க. ஞாபகம் வந்துச்சு, அவ்வளவுதான்.

"இஸ்ரேல்காரங்களே ஒத்துக்கிட்டா சரி"ன்னு இன்னொரு மகான். பாலஸ்தீன எழுத்தாளர் அதானியா ஷிப்லியோட நாவல் எதைப் பத்தினது? 1949-ல நெகேவ் பாலைவனத்துல ஒரு பெதூயின் (பாலைவன நாடோடி அரபு இனம்) சிறுமியை இஸ்ரேல் சிப்பாய்கள் வல்லுறவு செஞ்சு கொன்ன சம்பவம். அதை 2003-ல விரிவா எழுதினதே இஸ்ரேல் பத்திரிகை ஹாரெட்ஸ்தான். ஆனா 2023 அக்டோபர்ல ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியில ஷிப்லிக்கு விருது கொடுக்க இருந்த விழாவைப் போரைக் காரணம் காட்டி நிறுத்திட்டாங்க. இப்ப சொல்லுங்க, இன்னும் எத்தனை பேர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரணும் பாலஸ்தீனக்காரங்க?

"அக்டோபர் 7 பத்தி வாய் திறந்தியா?" திறந்தேன். அந்த வாரமே எழுதினேன், கீழே தேடிப் பாருங்க. ஹமாஸ் இஸ்ரேல்ல நடத்தின அந்தத் தாக்குதல்லேர்ந்து தப்பிச்சு வந்தவங்க சொன்னதைத்தான் பகிர்ந்தேன். அன்னிக்கு ஒருத்தர்கூட நடுநிலை சாட்சி கேக்கல. கேக்கவும் கூடாது.

"உள்ளூர்ல பிரச்சனையே இல்லையா?" இருக்கு. எழுதுங்க, பகிர்றேன்.

நான் எழுத வந்தது இதுவும் இல்ல. அந்த 43 பேர்ல ஒருத்தன் என் கல்லூரி நண்பன். அவன் அப்பா போனப்ப ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன்ல பேசினான். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான், சிலது முன்னுக்குப் பின் முரணாகூட இருந்துச்சு. நான் 'உம்' கொட்டிட்டே இருந்தேன்டா.