பிறஷர் பார்க்க ஒரு மணித்தியாலம்

பதினொரு வருடம் எனக்கு எதிர்மேசையில் இருந்த அண்ணன் இப்போது தன் வீட்டு விறாந்தையில், ஒரே கதிரையில், பகல் முழுக்க இருக்கிறார். வலது கை தூக்கமாட்டார். பேசினால் பாதிதான் விளங்கும். போன வருடம் பொங்கலுக்கு அடுத்த கிழமை, காலையில் கந்தோருக்கு வந்து வரவு மெஷினில் விரல் வைத்துவிட்டு மேசையில் இருந்தவர் அப்படியே சரிந்தார். பாரிசவாதம். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிறஷர் மேலே 210. வயது 51. தனக்குப் பிறஷர் இருக்கிறதென்று அவருக்கே தெரியாது.

நேற்றுப் பின்னேரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மேசையில் ஒரு தடித்த பைல். பில்கள், குளிசைத் துண்டுகள், அரச ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதிப் படிவங்களின் பிரதிகள். வீட்டுக்கு வந்தும் அந்த பைல்தான் கண்ணுக்குள் நின்றது.

மாதாமாதம் எங்கள் சம்பளத்தில் அக்ரஹார காப்புறுதிக்கு வெட்டுகிறார்கள். அதைக் குறைசொல்ல மாட்டேன். மகள் பிறந்தபோது எனக்கும் கிடைத்தது, கண்ணாடி போட்டபோதும் கிடைத்தது. ஆனால் அதன் பெரும்பகுதி நாங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த பிறகு வருகிற காசு. படுக்காமல் இருப்பதற்கு என்ன ஏற்பாடு? அண்ணனுக்கு ஸ்கேன், வார்ட், பிசியோதெரபி, இனி ஆயுள் முழுக்க மருந்து, எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். அவருக்கு இலவசம், நாட்டுக்கு இலவசம் இல்லை. மருத்துவக் காரணத்தில் 51 வயதில் ஓய்வு, அன்றிலிருந்து பென்ஷன். கிளினிக்கில் பிறஷருக்குக் கொடுக்கிற லொசாட்டன் குளிசையை ஐந்து வருடத்துக்கு முன்னம் தொடங்கியிருந்தால் இவ்வளவும் நடக்காமலே போயிருக்கலாம்.

இலங்கையில் பத்து மரணத்தில் எட்டுக்குத் தொற்றா நோய்கள்தான் காரணம். மாரடைப்பு, பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய். இது எங்கள் கந்தோர்களுக்கு வெளியில் நடக்கிற கதை இல்லை. திருகோணமலை கிழக்கு மாகாணத்தின் தலைநகரம். உவர்மலைப் பக்கம் போனால் எங்கே பார்த்தாலும் திணைக்களம், அமைச்சு. கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளியிலிருந்து விடியவே வெளிக்கிட்டு வருகிற சனம். காலைச் சாப்பாடு கடையில். பத்து மணிக்கு மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியும் ஒரு றோல்ஸும். கூட்டம் என்றால் கேக், பற்றிஸ். பிறகு நாலேகால் வரைக்கும் கதிரை. இருட்டினால்தான் வீடு. இதில் எங்கே நடக்கிறது, எப்போது பிறஷர் பார்க்கிறது?

பார்க்க இடம் இல்லாமல் இல்லை. 2011இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் நாடு முழுக்க அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கின்றன. 35 வயது தாண்டியவர்களுக்குப் பிறஷர், வெறும் வயிற்றுச் சீனி, நிறை, உயரம் எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். அங்கே ஆண்கள் வருவது குறைவு என்று சுகாதாரப் பகுதியினரே பல வருடமாகச் சொல்கிறார்கள். எப்படி வருவார்கள்? அது திறந்திருக்கிற நேரம் நாங்கள் கந்தோரில். என் மனைவிக்கு 35 வயதானபோது மருத்துவிச்சி வீடு தேடி வந்து, நலமான பெண்கள் கிளினிக்குக்குத் திகதி சொல்லி, போகாதபோது திரும்பவும் வந்து கூப்பிட்டா. எனக்கு வயது 43. இன்றுவரை என்னை யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் கந்தோரிலும் ஒருமுறை முகாம் போட்டார்கள். பனர் கட்டி, படம் எடுத்து, பிறஷரும் சீனியும் பார்த்தார்கள். வரிசையில் முன்னுக்கு நின்றவர்கள் யார் தெரியுமா? விடியவே கடற்கரையில் நடக்கிறவர்கள், தேத்தண்ணிக்குச் சீனியை விட்டவர்கள். அண்ணன் எழும்பவே இல்லை. மாதக் கடைசி, வவுச்சர் முடிக்கவேணும் என்றார். பார்த்தவர்களின் தாள்கள் ஒரு பைலில் போய்ச் சேர்ந்தன. ஒருவரையும் திருப்பிக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

எங்களிடம் மட்டும் உள்ள குறை இல்லை இது. அமெரிக்காவில் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் 2016இல் கிட்டத்தட்ட 5,000 ஊழியர்களை வைத்து இப்படி ஒரு சுகநலத் திட்டத்தைச் சோதித்தார்கள். சீட்டுக் குலுக்குவதுபோல் ஆட்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் திட்டம், மற்றவர்களுக்கு இல்லை. மருத்துவச் செலவு குறையவில்லை. தாமாகப் பங்குபற்ற வந்தவர்கள் ஏற்கெனவே சுகமாக இருந்தவர்கள், செலவு குறைந்தவர்கள். எங்கள் வரிசையில் நின்றவர்களேதான்! ஆகவே, முகாம் போட்டால் அரசாங்கத்துக்கு இவ்வளவு மிச்சம் என்று யாராவது கணக்குக் காட்டினால் நான் நம்பமாட்டேன்.

ஆனால் சென்னையில் நடந்ததை நம்புகிறேன். மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் அவரது குழுவும் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2006இல் வெளிவந்தது. வழக்கமான ஆலோசனையோடு விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. சாப்பாடு, நடை என்று விடாமல் தொடர்புகொண்டு வழிநடத்தியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. எங்களைப்போலவே சோறு சாப்பிடுகிற சனம். ஒருநாள் முகாமில் கிடைத்த பலன் இல்லை அது. திரும்பத் திரும்ப விசாரித்ததில் கிடைத்தது.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. 35 வயது தாண்டிய ஒவ்வொரு அரச ஊழியருக்கும் வருடத்தில் ஒரு காலை, கடமை நேரத்துக்குள், ஒரு மணித்தியாலம். பிறந்த மாதத்தில் என்று வைத்தால் கந்தோர் ஒரேயடியாக வெறுமையாகாது. லீவு வெட்டக்கூடாது. பிறஷர் 140க்கு 90ஐத் தாண்டியவரை, சீனி கூடியவரை, அடுத்த மாதம் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, கிளினிக்குக்குப் போனீர்களா என்று தமிழிலோ சிங்களத்திலோ அவருக்கு விளங்குகிற பாஷையில் கேட்கவேணும். முக்கியமாக, அந்தத் தாள் மேலதிகாரியின் மேசைக்கு வரவே கூடாது. வருத்தக்காரன் என்று பெயர் வந்தால் பதவி உயர்வு போய்விடும் என்ற பயத்தில் ஒளிக்கிறவர்களை எனக்குத் தெரியும். கூட்டங்களுக்கு அவித்த கடலையும் பழமும் வைத்தால் அதுவும் நல்லது.

அந்த ஒரு மணித்தியாலம் யார் வேலை பார்ப்பது என்று கேட்பார்கள். அண்ணனின் கதிரை ஏழு மாதம் வெறுமையாக இருந்தது. அவருடைய பைல்களையும் சேர்த்து நான்தான் பார்த்தேன். அந்த ஏழு மாதத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை.

நேற்று வெளிக்கிடும்போது அண்ணனின் மனைவி படலை வரைக்கும் வந்தா. "தம்பி, நீங்க பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டா. பதில் சொல்ல முடியவில்லை. வியாழக்கிழமைக்கு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து மேசைத் தம்பிக்கும் சொல்லி அவரும் எழுதியிருக்கிறார்.