படத்தில் பழம் எதற்கு?

பழத்துக்குப் பதில் எசன்ஸ் கலந்த ஸ்ட்ராபெர்ரி பால் பாட்டிலைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன், அந்த விவகாரம் இன்னும் ஓயவில்லை. எனக்கு "அறிவியல் விரோதி" பட்டம் கொடுத்தவர்களில் பலர் நான் எழுதியதை முழுதாகப் படிக்கவே இல்லை என்பது அவர்கள் பதிலிலேயே தெரிகிறது. எசன்ஸ் விஷம் என்று நான் எங்கே எழுதினேன்? உள்ளே பழமே இல்லாத பாட்டிலின் முகப்பில் வெட்டிவைத்த பழத்தின் படம் எதற்கு என்றுதான் கேட்டேன்.

எனக்கு வேதியியல் பாடம் நடத்தியவர்களுக்கு: வெனிலாவின் முக்கிய மணப்பொருளான வெனிலினின் கதை எனக்கும் தெரியும். 1874-லேயே டீமான், ஹார்மன் என்ற வேதியியலாளர்கள் ஜெர்மனியில் அதைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள், இன்று பெரும்பகுதி பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்துதான் வருகிறது. காயில் இருப்பதும் ஆலையில் செய்வதும் ஒரே மூலக்கூறுதான், சரி. ஆனால் பதப்படுத்திய வெனிலாக் காயில் வெனிலினோடு நூற்றுக்கும் மேற்பட்ட வேறு மணப்பொருள்களும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் போட்டுவிட்டு முழுக் காயையும் பூவையும் மேலே அச்சிடலாமா?

நான் எசன்ஸுக்கு எதிரியே இல்லை. வயதாகி மோப்பம் மங்கிப்போய், எதை வைத்தாலும் "ஒன்றுமே தெரியலடா" என்று அம்மா தட்டைத் தள்ளிவைத்த நாட்களில், பாலில் வெனிலா எசன்ஸைக் கொஞ்சம் தாராளமாக விட்டுக் கொடுத்துத்தான் குடிக்க வைத்தேன். அது எசன்ஸ் என்று அம்மாவுக்குத் தெரியும், சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். இவ்வளவையும் பார்த்தவனைப் போய் பீதி கிளப்புகிறவன் என்றால் வலிக்காதா?

"பின்னால்தான் போட்டிருக்கிறதே, படிக்க வேண்டியதுதானே?" என்கிறார்கள். பொடி எழுத்தை அம்மா வயதில் யார் படிப்பது? முன்பக்கம் பெரிதாகக் காட்டியதை பின்பக்கம் முணுமுணுப்பாக மறுத்தால் அது நேர்மையா? "எல்லோராலும் பழம் வாங்க முடியுமா?" என்பது நியாயமான கேள்வி. முடியாதுதான். அதற்காக, குறைந்த விலைக்கு வாங்குகிறவரிடம் பழம் என்று காட்டி ஏமாற்றலாமா?

கடைசியாக ஒருவர், "ஃப்ளேவரால் இதுவரை யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கிறதா?" என்று அடித்துக் கேட்டார். ஆகியிருக்கிறது. வெண்ணெயிலேயே இயல்பாக இருக்கும் டைஅசிட்டைல்தான் செயற்கை வெண்ணெய் மணத்திலும் முக்கியமான பொருள். அமெரிக்காவின் மிசூரியில் ஒரு பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்த 8 பேருக்கு, மீளமுடியாத கடுமையான நுரையீரல் நோய் வந்திருப்பது 2000-ல் வெளியே தெரிந்தது. அந்த மணத்தின் ஆவியை நாள்தோறும் சுவாசித்தவர்கள் அவர்கள். தின்றவர்களுக்கு அல்ல, கலந்தவர்களுக்கு வந்தது. பாட்டிலைப் பார்த்து நான் பயப்படச் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை. ஆனால் "யாருக்கு என்ன ஆச்சு" என்று அவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட முடிகிறதே, அதுதான் எனக்கு ஆறவில்லை. மூச்சு முட்டிப்போன அந்த மனிதர்கள் அவருடைய கணக்கில் வருகிறார்களா இல்லையா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் என்னைத் திட்டட்டும்.