பூத்த பிறகு பிடுங்கிப் பயனில்லை

மாசி மாதத்தில், கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியோரம் இடுப்பளவுக்கு வளர்ந்து வெள்ளையாகப் பூத்து நிற்கும் பார்த்தீனியம் என்ற நச்சுக் களையைப் பிடுங்கச் சிரமதானம் நடப்பதை ஆண்டுதோறும் காண்கிறேன். வெயிலில் நின்று பாடுபடுபவர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு அவர்கள் தெரிவு செய்யும் காலம் பிழையானது.

ஒரு செடி 10,000க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது. அந்த நுண்ணிய விதைகள் காற்றிலும் வெள்ளத்திலும் மட்டுமல்ல, கிரவலும் மணலும் ஏற்றிவரும் டிப்பர்களிலும், ஒரு காணியை உழுதுவிட்டுக் கழுவாமல் அடுத்த காணிக்குள் இறங்கும் உழவு இயந்திரத்தின் கலப்பைச் சேற்றிலும் ஒட்டிக்கொண்டு போகின்றன. பூத்து முற்றிய செடியைப் பிடுங்கி, திறந்த பெட்டியில் ஏற்றி ஊரூடாகக் கொண்டுபோனால், வழி நெடுக நாமே விதைத்துக்கொண்டு போகிறோம்.

வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 1980களின் இறுதியில் இந்தியப் படையினர் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இலங்கையில் இது 1999இல் வவுனியாவில் பதிவாகியது. 2010இல் நாங்கள் மீள்குடியேறியபோது வேலியோரம் நின்ற நாலைந்து செடிகளைப் பொருட்படுத்தவில்லை. மூன்றாவது காலபோகத்தில், அதாவது மாரி மழைப் பயிர்ச்செய்கையில், உழுந்து தலைகாட்ட முன்னரே தோட்டம் முழுவதும் அது முளைத்திருந்தது. தன்னைச் சுற்றி வேறு பயிர் முளைக்காதபடி தடுக்கும் நச்சுப்பொருள் அதன் வேரிலும் இலையிலும் உண்டு என்பதை அப்போதுதான் அறிந்தோம். வெறுங்கையால் பிடுங்கிய அம்மாவுக்கு முழங்கை வரை தோல் தடித்துப் புண்ணானது. இன்றும் அது பூக்கும் காலத்தில் அவருக்கு இழுப்பு வருகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முளைத்து, கரட் இலை போன்ற இலைகளுடன் நிலத்தோடு படிந்து கிடக்கும் பருவமே பிடுங்குவதற்குரியது. மண் ஈரமாக இருப்பதால் வேரோடு வரும். ஆனால் முளைத்த நாலைந்து வாரங்களிலேயே பூக்கத் தொடங்கிவிடும் என்பதால் தாமதிக்க இடமில்லை. கையுறை கட்டாயம் வேண்டும். தப்பிப் பூத்துவிட்ட செடியை, நின்ற இடத்திலேயே பையால் மூடிக் கட்டிப் பிடுங்கி, அங்கேயே எரித்துவிட வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து, கார்த்திகை ஞாயிறுகளில் இதைச் செய்து வருகிறோம். ஆட்களின்றிப் பூட்டிக் கிடக்கும் காணிகளுக்குள் மட்டும் எங்களால் இறங்க முடிவதில்லை. வெளிநாட்டிலிருந்து இதைப் படிக்கும் காணிக்காரர்கள், ஐப்பசி பிறந்ததும் அயலவரைத் தொலைபேசியில் அழைத்து, உள்ளே இறங்கிப் பிடுங்கும்படி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.