டவர் வேண்டாமாம், சிக்னல் மட்டும் வேண்டுமாம்!

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் விடிந்தால் இதே புலம்பல்தான்: "நெட்வொர்க் சுத்தமா இல்ல, யாராவது கம்பெனிக்கு ஒரு புகார் போடுங்களேன்." எழுதுகிறவர்களின் பெயரைப் பார்த்தால் எரிச்சல் மண்டைக்கு ஏறுகிறது. எதிர்க் கட்டிட மொட்டை மாடியில் டவர் வைக்க வந்தவர்களை வீடு வீடாகக் கையெழுத்து வாங்கித் துரத்தியதே இவர்கள்தான். கதிர்வீச்சாம். குழந்தைகள் இருக்கிற இடமாம்.

சரி, கதிர்வீச்சைப் பற்றியே பேசுவோம். டவர் கதிர்வீச்சின் உச்ச அளவை 2012-லேயே இந்தியா சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. இவர்கள் கவலைப்பட வேண்டியது கையில் இருக்கும் போனைப் பற்றி. அது எவ்வளவு சக்தியில் அனுப்ப வேண்டும் என்று டவர்தான் ஓயாமல் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கும். 3ஜியில் நொடிக்கு 1500 முறை. டவர் பக்கத்தில் இருந்தால் போன் கொஞ்சமாக அனுப்பினால் போதும். தள்ளிப் போகப் போகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 4ஜி போனுக்கு உச்சம் பொதுவாக 200 மில்லிவாட். ஆக, டவரைத் துரத்திய புண்ணியவான்கள் காதோடு ஒட்டியிருக்கும் கருவியை முழு மூச்சில் ஓட விட்டிருக்கிறார்கள். அப்புறம் மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது, போன் தோசைக்கல்லாகச் சுடுகிறது என்று அடுத்த ஒப்பாரி.

"நாலு கோடு காட்டுதே சார்" என்பார்கள். டவர் அனுப்புவது நமக்கு எவ்வளவு பலமாக வந்து சேருகிறது என்பதற்குத்தான் அந்தக் கோடு. டவர் பல வாட்டில் அனுப்பும், வந்து சேரும். நம் 200 மில்லிவாட் அங்கே போய்ச் சேர்ந்ததா? கோடு அதைச் சொல்லாது. மாமியார் பேசுவது எனக்கு மணி மணியாகக் கேட்கிறது, அவரோ, "மாப்பிள்ளை, லைன்ல இருக்கீங்களா? ஹலோ... ஹலோ..." என்று தவிக்கிறார். அதே டவரில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்பதையும் கோடு சொல்லாது. 20 மெகாஹெர்ட்ஸ் அகல அலைவரிசை கொண்ட சாதாரண 4ஜியின் உச்ச வேகம் நொடிக்கு 150 மெகாபிட். காகிதத்தில்! ராத்திரி ஐபிஎல் ஓடும்போது வட்டாரமே அதைப் பிய்த்துக்கொள்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் மாடிக்காரர் ஆன்லைனில் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் ஒன்றை வாங்கி, பால்கனிக் கம்பியில் ஆன்டெனாவைக் கட்டி வைத்திருக்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அரசு அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம் என்றால், "எல்லாரும்தான் வாங்குறாங்க" என்கிறார். அந்த மலிவு டப்பாவுக்கு அவருடைய போன் எது, இரைச்சல் எது என்று பிரிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கி டவர் பக்கம் அனுப்புகிறது. அந்த இரைச்சலில் மற்ற போன்கள் டவருக்குக் கேட்பதில்லை. "இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு" என்று டவர் எல்லாருக்கும் உத்தரவு போடுகிறது. ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் போன் எங்கே போய்க் கூட்டும்? பேச்சு பாதியில் அறுந்து விழுகிறது. வேறு கம்பெனி சிம் வைத்திருப்பவரும் இதில் மாட்டிக்கொள்ளலாம். மூன்றாம் மாடிக்காரர் வீட்டு ஹாலில் மட்டும் கோடு ஜம்மென்று நிற்கும்.

இந்த ஞாயிறு சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வருகிறதாம்: பிளாக்குக்கு ஒரு பூஸ்டர், பொதுப் பணத்தில்! அதற்காகப் பராமரிப்புக் கட்டணத்தைக் கூட்டினால் ஒரு பைசா தர மாட்டேன் என்று செயலாளரிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.